முப்பதாவது கிலோமீட்டர்

பத்தாவது கிலோமீட்டர் பலகையருகே ஜெமேலி முதல் ஆளாக வருவதைப் பார்த்ததும் கோச் தலாம் பதறிப்போனார். தன்னிடம் பயிலும் பெண் முதலில் வந்தால் வேறெந்தக் கோச்சும் துள்ளிக் குதித்திருப்பார். அவள் அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்பது தலாமுக்குத்தான் தெரியும்.

"பின்னாடி போ! கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கோ!" என்று கத்தினார்.

ஜெமேலி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அதே வேகத்தில் முன்னாலேயே போனாள். நான்கு பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாகச் சொகுசாக ஓடினார்கள். அந்த நால்வரில் ஒருத்தி செரோதிச், இருபத்தொரு வயது, அவளும் தலாமின் முகாம்தான்.

எல்டொரெட் சாலைகளில் அன்று நடந்தது தேசிய அணிக்கான தேர்வு மாரத்தான். முதல் மூன்று பேருக்குக் கென்யாவின் சட்டை. அடுத்த தேர்வு நான்கு ஆண்டுகள் கழித்து. ஜெமேலிக்கு இப்போதே முப்பத்து நான்கு. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இத்தனை வயது வரை என்ன செய்தாள் என்றால், முயலாக ஓடினாள். பெரிய பந்தயங்களில் வேகம் குறையாமலிருக்க முன்னால் ஒருவரை ஓட விடுவார்கள். அவர் முப்பது கிலோமீட்டர் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டு ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். அதற்கப்புறம் யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. முகாம் இருக்கிற இடென் ஊரில் அவர்களை முயல் என்பார்கள். ஜெமேலியைப் போன்ற முயல் இடெனில் பிறந்ததில்லை. எந்த வேகம் கேட்டாலும் ஒரு நொடி முன்பின் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்துவாள்.

அவளை முயலாக்கியது தலாம்தான். "ஒரே ஒரு வருஷம். அப்புறம் உன் பேர்லயே ஓடு" என்று ஆரம்பித்தார். வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு ஆள் பிடிக்கும் மேனேஜர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள், அவரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஆறு வருஷம் ஓடிவிட்டது. தன் ஆள் வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து போன் வருவது அவருக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

உடம்பை மட்டும் பழக்கியிருந்தால் பரவாயில்லை. மனதையும் பழக்கினார். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சக்தியைச் சேமிக்கும் முயல், முன்னால் ஏமாற்றும் என்பது அவர் கொள்கை. அதனால் தினமும் மாலையில் அவளைக் கண்ணை மூடி உட்கார வைத்துச் சொல்வார்: "முப்பதோட ரோடு முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரோடே கிடையாது. இருக்கிறதெல்லாம் அதுக்குள்ள குடுத்துடு." ஜெமேலி கண்ணைத் திறக்காமல் "சரி கோச்" என்பாள்.

போன வருஷம் ஒரு நாள் அவளே வந்து கேட்டாள். "கோச், எனக்கு ஒரு தடவை முழுசா ஓடணும்." அவ்வளவுதான். கோபமில்லை, குத்திக்காட்டல் இல்லை. தலாமுக்கு நான்கு நாள் தூக்கம் வரவில்லை.

எட்டு மாதத்தில் உடம்பைத் திருப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை மண் தடத்தில் வேக ஓட்டம், வியாழன் ஏற்றமும் இறக்கமுமான செம்மண் பாதையில் மாறிமாறி வேகம், சனிக்கிழமை நாற்பது கிலோமீட்டர், தலாம் வண்டியில் கூடவே வருவார். நாற்பதையும் முடித்துவிட்டு, ஒரு குவளை புளித்த பாலைக் குடித்துவிட்டு, துணி துவைக்கப் போவாள். மாலையில் புதுப் பாடம் சொன்னார்: "ரோடு நாப்பத்திரண்டு. முப்பதுல ஒண்ணுமே இல்ல. அது சும்மா ஒரு பலகை." அதற்கும் "சரி கோச்" என்றாள். அதே குரல்தான். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் அந்தக் குரலைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

முந்தின நாள் மாலை முகாம் சமையலறையில் ஜெமேலி சோளமாவில் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். செரோதிச் கீரை நறுக்கிக்கொண்டே வம்புக்கு இழுத்தாள்.

"அக்கா, நாளைக்குப் பழக்க தோஷத்துல முப்பதுல இறங்கிடாதீங்க. அப்புறம் நான் தனியா இல்ல ஓடணும்!"

"நீ முதல்ல முப்பது வரைக்கும் வாடி. வாய் மட்டும் நாப்பத்திரண்டும் ஓடுது."

அறையே சிரித்தது. ஜெமேலியும் சிரித்தாள். தலாம் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டார்.

இருபதாவது கிலோமீட்டரிலும் அவள்தான் முன்னால். பின்னாலிருந்த நால்வரும் சுற்றுலா வந்தவர்கள் போல முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வந்தார்கள். ஒளிந்து ஓடச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒவ்வொரு கிலோமீட்டரும் மூன்றரை நிமிஷம், பிசகவில்லை. மற்றவர்களுக்காக உழைத்தே பழகியவள், கூலியே இல்லாத இடத்திலும் உழைத்துக்கொண்டிருந்தாள்.

அவரை ஏற்றிக்கொண்டு அலைந்த மோட்டார் சைக்கிள்காரன் பிவோட் இன்ஜினை அணைக்காமல் கேட்டான்.

"கோச், முப்பத்தஞ்சுக்குப் போயிடலாமா? மார்க்கெட் சந்து வழியா நிமிஷத்துல போயிரலாம். முப்பதுக்குப் போனா போலீஸ் அடைச்சுப் போட்டுருப்பான், அப்புறம் அங்கேயே நட்டு வச்ச மாதிரி நிக்க வேண்டியதுதான்."

தலாம் யோசித்தார். முப்பதுதானே அவளுக்குக் கண்டம்? அங்கே தான் நின்று, "இனிமே இது உன் ரோடு, ஓடு!" என்று ஒரு சத்தம் போட்டால் தாண்டிவிடுவாள். முப்பத்தைந்தில் நின்று என்ன பிரயோஜனம்?

"முப்பதுக்கே விடு. அங்கதான் அவளுக்கு நான் வேணும்."

முப்பதில் தூறல் பிடித்துக்கொண்டது. கயிறு கட்டி ஆட்களை ஓரம் தள்ளியிருந்தார்கள். தலாம் கயிற்றை ஒட்டி நின்று, பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வளைவில் ஐந்து பேரும் தெரிந்தார்கள். ஜெமேலிக்கு மூச்சு வாய்வழி போய்வந்தது. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வருகிற முகம் அது. தலாம் வாயைத் திறந்தார்.

அப்போது அவள் அவரைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சியைக் கண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆறு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை தார்ச்சாலையில் முயல் பயிற்சி நடக்கும். ஒவ்வொரு முறையும் முப்பதாவது கிலோமீட்டரில் ஒரே ஒருவர்தான் நிற்பார், கடிகாரமும் தண்ணீருமாக. எத்தனை மாலை கண்ணை மூடிப் பாடம் சொன்னாலென்ன? அவள் களைத்த கண்ணுக்குப் பலகை தெரிந்திருக்காது. கோச் நிற்கிறார், வேலை முடிந்தது. தெரிந்தது அதுதான்.

தலாம் சட்டென்று குனிந்து பிவோட்டின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அறுபது வயதை நெருங்கும் மனிதர், ஊர் கூடி நிற்கும் சாலையில், பூச்சாண்டிக்குப் பயந்த குழந்தை மாதிரி.

நேரம் கடந்துவிட்டது. ஜெமேலி இடது ஓரமாக அழகாக ஒதுங்கினாள். பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கையை வீசி, "போங்க, போங்க!" என்றாள். மற்ற மூவரும் பாய்ந்து போனார்கள். செரோதிச் மட்டும் ஓடியபடியே திரும்பினாள்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க? அக்கா!"

அதற்குமேல் அவளாலும் நிற்க முடியாது. அவளுக்கும் அது தேர்வுதான். போய்விட்டாள்.

ஜெமேலி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். 'திரும்பிப் போ' என்று கத்த வேண்டிய வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. கைக்கு மட்டும் அதன் வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. தான் குடித்து மிச்சம் வைத்த பாட்டிலை அவளிடம் நீட்டியது. அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"ரெண்டு செகண்ட் கூடிருச்சு, இல்ல கோச்?"

பெருவிரல் எப்போது கடிகாரத்தை அமுக்கியது என்றே தலாமுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம், இரண்டு நொடி.

வாயைத் துடைக்கக் குனிந்தவள் தன் மார்பைப் பார்த்தாள். முயல்கள் மார்பில் குத்திக்கொள்ளும் துணியில் பெயர் இருக்காது. இதில் இருந்தது. கொட்டை எழுத்தில், ஜெமேலி. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம் கடவுளே.

"ஓடு!" தலாமுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "இறங்கின இடத்துலயே ஏறிடு! ஒண்ணும் ஆகல, ஓடும்மா, ஓடு!"

அவள் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். ஐந்தாறு அடிதான். மழைக்கோட்டு போட்ட நடுவர் சிவப்பு அட்டையோடு குறுக்கே வந்துவிட்டார்.

"நில்லும்மா. மேசையில வச்ச தண்ணிதான் குடிக்கலாம். ஆளுங்க கையில வாங்கிக் குடிச்சா அவ்வளவுதான். தெரியாதா உனக்கு?"

"ஐயா, குடுத்தது நான்!" தலாம் கயிற்றைத் தாண்டி ஓடினார். "அவ கேக்கவே இல்ல. என் தப்பு. என்ன பண்றதா இருந்தாலும் என்னைப் பண்ணுங்க."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை.

"உங்களை என்ன கோச் பண்றது? உங்களுக்கு நம்பர் இல்லையே" என்று சொல்லி, நனையாமல் நோட்டை மறைத்துக்கொண்டு ஜெமேலியின் எண்ணை எழுதினார்.

அவ்வளவுதான். போலீஸ் சாலையை அடைத்திருந்ததால் எங்கும் நகர முடியவில்லை. பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராக முப்பதைத் தாண்டிப் போனார்கள். ஆறாவது, ஏழாவது, பதினைந்தாவது. ஜெமேலி சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தாள். உடம்பு நடுங்கியது. தலாம் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

"ஏதாச்சும் திட்டு" என்றார்.

"எதுக்கு கோச்?"

"நான் இங்க நிக்காம இருந்திருந்தா நீ இந்நேரம் முப்பத்தொண்ணுல இருப்ப."

"தெரியல கோச். இருந்திருப்பேனோ என்னவோ." ஒரு காலை நீட்டி மடக்கிப் பார்த்து, "கால் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைத் தாங்க முடியாமல் தலாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழக்கூட அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவரிடம் கொடுத்து வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது; தலாம் எடுத்தார். வெளிநாட்டு மேனேஜர். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"கோச், முப்பது வரைக்கும் என்ன ஓட்டம்! மெஷின் தோத்துச்சு போங்க. கடைசியில ஏதோ குழப்பம் போல, பாவம். அக்டோபர்ல ஒரு பந்தயத்துக்கு முயல் கிடைக்காம தவிக்கிறேன். அவளைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"அவ இனிமே முயலா ஓட மாட்டா" என்றார் தலாம். ஆறு வருஷத்தில் ஒரு மேனேஜரிடம் அவர் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதில் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஜெமேலி கையை நீட்டினாள். "குடுங்க கோச்."

கொடுத்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும், என்னையும் சேர்த்தே கேட்கட்டும் என்று ஆசையாகக் காத்து நின்றார். அவள் போனைக் காதில் வைத்து, மழையைத் துடைத்துக்கொண்டே, அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி சார்," என்றாள். "எத்தனை வரைக்கும்?"