சிவப்பை அமுக்காதே, குயா

டெல்ஃபினின் வலது உள்ளங்கை அந்தச் சிவப்புப் பொத்தானை விட்டு நகரவே இல்லை.

கால் மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறான். கடித்து மிச்சம் வைத்த பன்தேசால் ரொட்டி இடது கையில் இருந்தது. அந்தக் கையில் மூன்று விரல்கள்தான். எதிரே, லேத்தின் வயிற்றுக்குள், இருபத்திரண்டு கிலோ இரும்பு வட்டு ஒன்று நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருப்பவை சக் என்னும் இரும்புப் பிடியின் மூன்று தாடைகள் மட்டும்.

"கையைக் கொஞ்சம் எடு குயா. அடை காக்கிற மாதிரி நிக்கறே," என்றாள், அண்ணனைக் குயா என்றே கூப்பிடும் தங்கை ரொவேனா.

"நிப்பேன். மிச்சமிருக்கற விரலெல்லாம் என்கூடவே வீட்டுக்கு வரணும். இலவசமா எறக்கின புரோகிராம். எழுதினவன் எந்த ஊருன்னு உனக்கே தெரியாது."

"ஒருத்தன் இல்ல. உலகம் முழுக்க ஆயிரம் பேர் சேர்ந்து எழுதினது."

"அப்ப இன்னும் மோசம். ஏதாவது ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கறது?"

ரொவேனா சிரித்தாள். அன்று அவள் மனசாரச் சிரித்தது அதுதான் கடைசி.

ஜப்பானில் கழித்துக்கட்டி, கப்பலேறி இந்த மலாபோன் பட்டறைக்கு வந்த லேத் அது. வயது முப்பத்தெட்டு. போன வருஷம் ஒரு காலையில் டெல்ஃபின் உள்ளே கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதன் பழைய கன்ட்ரோல் தானாகவே விழித்துக்கொண்டது. யாரும் எதையும் தொடவில்லை. இரும்பை வெட்டும் டூல் பாய்ந்து வந்தது. இரண்டு விரல்கள் போயின.

டிவி, வாஷிங் மெஷின் போர்டுகளைப் பழுது பார்ப்பது ரொவேனாவின் தொழில். நான்கு மாதத்துக்கு முன் அந்தப் பழைய மூளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏதோ அலுவலகம் தூக்கியெறிந்த கணினியை லேத்தோடு இணைத்து, அதில் அந்த இலவச லினக்ஸ் புரோகிராமை ஏற்றினாள். இனி இயந்திரத்துக்கு அதுதான் மூளை. டெல்ஃபின் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: சிவப்பை அமுக்கினால் எல்லாம் சாக வேண்டும்.

அவளும் அப்படியே செய்து கொடுத்தாள். பத்துத் தடவை சோதித்துக் காட்டினாள். பத்துத் தடவையும் எல்லாம் செத்தது. போதாக்குறைக்குச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு வரி எழுதி வைத்தாள்.

'யார் கத்தினாலும் சிவப்பை அமுக்கு. ஏன் என்று பிறகு கேள்.'

டெல்ஃபினுக்கு அது வேதவாக்கு. போன வாரம், இருவரும் ஆத்தே (அக்கா) என்று கூப்பிடும் பட்டறை முதலாளியம்மா பெர்லா கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கத்தியதற்கே பாய்ந்து அமுக்கிவிட்டான்.

வெளியே மழை வலுத்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு லேத்தின் பின்பக்கம் விழுந்தது. அடுத்து இன்னொன்று.

"கன்ட்ரோல் பெட்டிப் பக்கம் ஒழுகுது. தார்பாய் போட்டுட்டு வரேன்."

லேத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, தார்பாயைப் பெட்டியின் தலையில் இழுத்துப் போட்டாள். குனிந்து ஓரத்தைச் செருகும்போதுதான் அது கண்ணில் பட்டது.

ஒரு ஒயர். நுனியில் கறுப்பு டேப் சுற்றி, எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

தாடைகளை இறுக்குவதும் திறப்பதும் எண்ணெய் அழுத்தம். அந்த எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது ஒரு வால்வு. பழைய வால்வில் மின்சாரத்தில் இயங்கும் இரண்டு காயில்கள்: ஒன்று இறுக்க, ஒன்று திறக்க. மின்சாரம் போனால் இருந்த இடத்திலேயே நிற்கும். அது எரிந்துபோனதால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தபோது, பழைய சாமான் கடையில் வாங்கிய வேறொன்றை டெல்ஃபினே மாட்டியிருந்தான். "அதே துளை, அதே அளவு, தாடை திறக்குது, மூடுது," என்றான். அவள் பின்பக்கம் வந்து பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். ஒரே ஒரு காயில். இன்னொரு முனையில் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பிரிங் மூடி. அந்தக் காயிலுக்கான ஒயர்தான் தொங்கியது.

மின்சாரம் இருந்தால் பிடிக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் தள்ளும். தாடை திறக்கும்.

அவள் பத்துத் தடவை சோதித்ததெல்லாம் இந்த வால்வு வருவதற்கு முன்பு, எண்ணெய் பம்ப்கூட ஓடாத நாட்களில். இன்று பம்ப் ஓடுகிறது. அதற்குத் தனி சுவிட்ச், சிவப்புக்கு அது கட்டுப்படாது; எண்ணெய் அழுத்தம் போகாது.

அப்படியென்றால் சிவப்பை அமுக்கிய அந்த நொடியில் வால்வுக்கு மின்சாரம் போய், இருபத்திரண்டு கிலோ இரும்பு அதே வேகத்தில் விடுதலையாகும். முன்னால் இருக்கிற கதவின் கண்ணாடி போன வருஷமே உடைந்துவிட்டது. இப்போதிருப்பது பழைய விளம்பரப் பலகையிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் தகடு. அதற்குப் பின்னால் டெல்ஃபினின் நெஞ்சு.

'அமுக்காதே!' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கத்தினால் அமுக்குவான். காரணம் பிறகு கேட்பான். கேட்க இருக்க மாட்டான்.

கணினியில் ஒரு கீயைத் தட்டினால் மோட்டார் மெதுவாக அடங்கும், தாடை பிடித்தபடியே இருக்கும். ஆனால் கணினி அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ரொவேனா சாதாரணமாக நடப்பதுபோல் முன்பக்கம் வந்தாள்.

டெல்ஃபின் திரும்பிப் பார்த்தான். "என்ன?"

"என்ன என்ன?"

"மூஞ்சி ஏன் செத்த மீனாட்டம் இருக்கு? மெஷின்ல ஏதாவது..." பொத்தான் மேல் உள்ளங்கை இறுகியது. சிவப்புத் தலை ஒரு மயிரிழை கீழே இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல குயா! தார்பாய் பறக்குது. கல்லு தேடறேன். காலையிலேர்ந்து சாப்பிடல வேற."

"ஆத்தே பெர்லா பன்சித் நூடுல்ஸ் வாங்கிட்டு வருவாங்க. பத்து மணிக்கு."

மணி ஒன்பது ஐம்பத்தாறு. திரையில், வேலை முடிய இன்னும் ஒன்பது நிமிடம். முடிந்தால் இயந்திரம் தானாக நிற்கும், ஆபத்தும் போய்விடும். ஒன்பது நிமிடம் யாரும் கத்தக் கூடாது, அவ்வளவுதான்.

பெர்லா வாசலில் கால் வைத்தால் கத்தாமல் இருந்த நாளே கிடையாது.

மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா? 'குயா, பொத்தானில் ஒரு கோளாறு.' கோளாறு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தக் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கணினிப் பக்கம் அவள் கை நீண்டாலும் அதே கதைதான். நான்கு மாதமாக அந்தக் கையைப் பழக்கியவள் அவள்தான்.

கையில் கிடைத்த கல்லோடு மறுபடி பின்பக்கம் போனாள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தாள். பையில் இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர் ஒன்று எப்போதும் இருக்கும். பெட்டிக்குள், சிவப்பை அமுக்கினாலும் சாகாத ஒரே இடம் பவர் சப்ளை. அங்கிருந்து நேராக வால்வுக்கு ஒரு குறுக்கு வழி கொடுத்துவிட்டால் போதும். அவன் அமுக்கினாலும் மோட்டார்தான் சாகும், தாடை விடாது.

ஆனால் பவர் சப்ளையில் பிளஸ்ஸும் மைனஸும் ஓர் அரிசி இடைவெளியில் உட்கார்ந்திருந்தன. கிளிப் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மொத்த மின்சாரமும் விழும். அண்ணனைக் கொன்றது சிவப்பாக இருக்காது, அவளாக இருக்கும்.

விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி ஈரமாயின. அது மழையல்ல.

முதல் கிளிப்பைப் பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மணிக்கட்டைப் பெட்டியின் விளிம்பில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தாள். கிளிப் கடித்தது. ஒன்றும் ஆகவில்லை.

திடீரென்று லேத்தின் சத்தம் மாறியது. வட்டிலிருந்து சீவிய இரும்புச் சுருள் ஒன்று டூலில் சிக்கிக் கிறீச்சிட்டது.

"ரொவேனா!" டெல்ஃபினின் குரல். "இது என்ன புதுச் சத்தம்? நிறுத்திடட்டா?"

"வேணாம் குயா." தன் குரல் இவ்வளவு சாவதானமாக எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. "சுருள்தான். உன் கொறட்டையை விட நல்லாத்தான் இருக்கு."

"கொழுப்புடி உனக்கு."

சுருள் அறுந்தது. சத்தம் பழையபடி ஆனது. இரண்டாவது கிளிப்பை வால்வின் பித்தளைத் திருகில் வைத்தாள். வழுக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது.

வாசலில் வாடகை ட்ரைசிக்கிள் வண்டி வந்து நிற்கும் சத்தம். செருப்புச் சத்தம்.

கிளிப்பைக் கட்டைவிரலால் திருகோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"சுஸ்மர்யோசெப்!" பெர்லாவின் குரல் தகரக் கூரையில் முட்டியது. "இங்கயும் ஒழுகுதா!"

பட்.

உள்ளங்கை பொத்தானில் இறங்கிய சத்தம் பின்பக்கம் வரை கேட்டது. பெட்டிக்குள் ரிலே சுவிட்சுகள் வரிசையாக விழுந்தன. டக், டக், டக். மோட்டாரின் உறுமல் அறுந்தது. ஆனால் வட்டு நிற்கவில்லை. செத்த மோட்டாரையும் இழுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

ரொவேனா கண்ணை மூடிக்கொண்டாள். உலகத்தில் மிச்சமிருந்தது அவள் கட்டைவிரல் ஒன்றுதான். அது வழுக்கினால் முடிந்தது. ஐந்து. பத்து. தோள்பட்டை பிடித்து இழுத்தது. பதினைந்து. வட்டின் ஊளை இறங்கியது. இருபத்தைந்து. ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா!" டெல்ஃபின் குதித்தான். "அமுக்கினேன், செத்துச்சு! ஆத்தே, ஒரு சொட்டுத் தண்ணிக்கா இந்தக் கத்து கத்தினீங்க?"

"சொட்டா? என் பன்சித்ல விழுந்துச்சுடா!"

"குயா," என்றாள் ரொவேனா பின்னாலிருந்து. "அங்கேர்ந்து தள்ளிப் போ."

"ஏன்?"

"நான் கத்தல இல்ல? மெதுவாத்தானே சொல்றேன். ஆத்தே பக்கத்துல போய் நில்லு. இன்னும். இன்னும் தள்ளி."

அவன் நின்ற பிறகுதான் கட்டைவிரலை எடுத்தாள்.

'ஸ்ஸ்க்' என்றது சக். மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. வட்டு ஒரு கணம் யோசிப்பதுபோல் சாய்ந்து, லேத்தின் அடித்தட்டு மேல் இடிபோல விழுந்தது. தரை அதிர்ந்தது. பெர்லாவின் கையிலிருந்த பொட்டலம் நழுவியது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

டெல்ஃபின் வட்டைப் பார்த்தான். திறந்து கிடந்த தாடைகளைப் பார்த்தான். பிளாஸ்டிக் தகட்டைப் பார்த்தான். அதற்கு இந்தப் பக்கம், இத்தனை நேரம் தான் நின்ற இடத்தில் ரொட்டித் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

ரொவேனா முன்பக்கம் வந்தாள். கட்டைவிரலில் திருகின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"ஒரு ஒயர் மிச்சமா இருந்துச்சு," என்றான் அவன். "மாட்ட இடமில்லையேன்னு டேப் சுத்தி விட்டுட்டேன்."

"தெரியும் குயா."

"உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நானும் ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாம்."

பம்பை யாராவது நிறுத்த வேண்டும். அதன் சுவிட்ச் சிவப்புக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. டெல்ஃபின் கையை நீட்டினான். கை பாதி வழி போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்து, இனித் தன் இடம் எதுவென்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் அலைந்துவிட்டு, அக்குளுக்குள் ஒளிந்துகொண்டது.