மூன்றாவது வரி

…நின்றுவிட்டார், மறுபடியும் அதே இடத்தில், மூன்றாவது வரி எழும்ப வேண்டிய இடம், வாய் திறந்தபடியே இருக்கிறது, கண் என்னைக் கேட்கிறது, எனக்கென்ன தெரியும் டாங் அங்கிள், நான் நாகர்கோவில்காரி, உங்கள் சீன பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது, ஸ்ட்ரோக்கில் பேச்சு போனவர்களைப் பேசவைக்கிற வேலை எனக்கு, அவ்வளவுதான்… வலது கை விழுந்துவிட்டது, அதனால் இடது கையைப் பிடித்து மேஜைமேல் தட்டித் தட்டி, ராகம் போட்டு வார்த்தையை இழுக்க வேண்டும், பேச்சு அழிந்த மூளையில் பாட்டு மட்டும் வேறோர் அறையில் பத்திரமாக இருக்கும் என்று படித்தேனே, படித்தபோது நம்பினேனா? போன வாரம் சும்மா பர்த்டே பாட்டைத்தான் ஹம் பண்ணினேன், இவர் என் கையை உதறிவிட்டுத் தன் பாட்டைத் தொடங்கிவிட்டார், வார்த்தையோடு, அத்தனை நாளும் 'ஆ' தவிர ஒன்றும் வராத வாய்! உடனே அவர் மகளுக்கு ஃபோன் பண்ணினேன், லீவென், உங்க அப்பா பாடறார், வந்து கேளுங்க. தாலாட்டு என்றுதான் நினைத்தேன், அவ்வளவு மெதுவாக இருந்தது.

வந்து நிற்கிறாள் இப்போது, மருந்து கம்பெனி லேபிலிருந்து நேராக, பேட்ஜைக்கூடக் கழற்றாமல், சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை… "இந்தப் பாட்டு வேண்டாம் ஜெபினா, வேற எதையாவது சொல்லிக்கொடுங்க" என்கிறாள். வேறு எதுவும் வரவில்லையே, வந்தால் விடுவேனா? "என்ன பாட்டு இது?" என்றேன். "சினிமாப் பாட்டு, பழைய யுத்தப் படம். ஊருக்குத் திரும்பி வர்ற பட்டாளத்துக்காரன் பாடறான். பனி உருகிடுச்சு, கோதுமை நிமிர்ந்திடுச்சு, அம்மா என்னைத் தெரியுதா, உன் பிள்ளைதான்…" இவ்வளவுதானா, தேசபக்திப் பாட்டா, எங்களையும்தான் ஆகஸ்ட் பதினைந்துக்கு வெயிலில் நிற்கவைத்துப் பாடவைத்தார்கள், பாடினோம், ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம், யாருக்கு வலித்தது? என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எங்க ஊர்ல இது தெரியாத ஆளே கிடையாது. கல்யாணத்தில பாடுவாங்க, ஃபேக்டரி பஸ்ல பாடுவாங்க. அப்பா மியூசிக் டீச்சர், எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்ததே இதைத்தான்." பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்பத்தொன்பதுல ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் கவர்ன்மென்டை எதிர்த்து ரோட்டில உட்கார்ந்திருந்தோம். பட்டாளம் வந்தது. நாங்க இதைத்தான் பாடினோம். அவங்களும் எங்க வயசுப் பசங்கதானே, அதே ஸ்கூல், அதே படம். இதைப் பாடினா சுட மாட்டாங்கன்னு நினைச்சோம்."

நினைச்சோம்… அப்படியென்றால் சுட்டிருக்கிறார்கள். நிறுத்திடலாம், வேற வழி பார்க்கலாம், நாளாகும், ஆனா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கையை விட்டேன். அவர் பாட்டை விடவில்லை. இடது கையால் அவரே மேஜையைத் தட்டுகிறார், முதலிலிருந்து தொடங்குகிறார், மகளைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் அங்கிள், அவளுக்கு வேண்டாமாம்… இவருக்கு நடந்தது தெரியுமா, தெரிந்துதான் பாடுகிறாரா, இல்லை, இருப்பது இது ஒன்றுதான் என்று பாடுகிறாரா? மூன்றாவது வரி. நின்றுவிட்டார். இப்போதுதான் எனக்குச் சந்தேகம், மறந்துபோய் நிற்கிறாரா, பாட்டு வாத்தியார் ஆயிற்றே, மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டு நிற்கிறாரா? லீவென் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், பார்க்கிங் லாட்டில் அழுக்குப் பனி, உதட்டைக் கடிக்கிறாள், பிறகு பாடிவிட்டாள், கத்துகிற மாதிரி, கீச்சென்று, அந்த ஒரு வரியை மட்டும்.

அவர் தட்டுவதை நிறுத்தினார். ஏதோ சொன்னார், ஒரே ஒரு சொல், ராகம் இல்லாமல், பாட்டில் இல்லாத சொல், பேச்சு, ஐயோ பேச்சு! "என்ன சொன்னார், லீவென், என்ன சொன்னார்?" அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "தப்புங்கறார். சுருதியைத் தூக்கி எடுத்துட்டேன். சின்ன வயசிலயும் இப்படித்தான் திட்டுவார்." அவர் மறுபடி அதே சொல்லைச் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. அவள் சிரிப்பு நின்றது. "சுருதியைத்தான் சொல்றார்னு நினைக்கிறேன், அந்த நாளை இல்லை" என்றாள்.

அவர்களை அப்படியே விட்டுவிட்டு காரிடாருக்கு வந்தேன், அடுத்த பேஷன்ட் வீல்சேரில் காத்திருக்கிறார், போக வேண்டும்… என் எதிரே ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றால் நான் எதைப் பாடுவேன்? ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை சர்ச்சோடு சரி, பழைய சினிமாப் பாட்டு என்றால் இந்த அமெரிக்க ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் யாருக்குத் தெரியும், வீட்டில் எதையாவது முணுமுணுத்தால் ஜோபின்கூட, நான் பெற்ற பிள்ளை, "வாட் டஸ் தட் மீன், மாம்?" என்றுதான் கேட்கிறான். எனக்கும் தெரிந்து எதிரே நிற்பவனுக்கும் தெரிந்த பாட்டு என்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லையே. அவளுக்கு இருந்தது, இருந்தும் சுட்டார்கள், அவ்வளவையும் கேட்டுவிட்டு வருகிறேன்… அப்படியும் எனக்கு ஏன் அவள்மேல் பொறாமையாக இருக்கிறது?