லாரி போயாச்சு

கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்…கு…பங்…சர். தலை நரைத்த பிறகு படிக்கப் பழகியவனுக்கு அது கொஞ்சம் நீளம்தான். நான் முடிக்கும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி மகள் நின்றாள்.

உள்ளே அவளே என் சட்டையைக் கழற்றிச் சுவரின் உயரக் கொக்கியில் மாட்டினாள். என் வலது கை தோளுக்கு மேல் எழும்பிப் பல வாரங்களாகின்றன. மூலையில் அவளுடைய டீச்சர் உட்கார்ந்திருந்தார். இன்று மகள் எனக்குச் சரியாக ஊசி போட்டுக் காட்டிவிட்டால், இனி தனியாகவே வைத்தியம் பார்க்கலாம். 'இரும்பு, நீ ஊசியைக் கண்டா ஓடுற ஆளாச்சே' என்று கிடங்கில் மூட்டை தூக்கும் கூட்டாளிகள் என் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தும் நான் வந்தது அதற்குத்தான்.

"முடி மாதிரி மெலிசுப்பா. எறும்பு கடிச்சாப்ல இருக்கும். அப்புறம் உள்ள கனமா இழுக்கும், பயப்படாதீங்க. அசையாம படுத்திருந்தா போதும். தூக்கம் வந்தா தூங்குங்க."

"குறட்டை விட்டா?"

"தெருவே எந்திரிக்கும். விடுங்க."

ஒருக்களித்துப் படுத்தேன். கையில் ஊசிகள் போட்டதே தெரியவில்லை. கடைசி ஊசி, தோளில் மூட்டை உட்காரும் காய்ப்பின் ஓரத்தில். அங்கே எது பட்டாலும் என் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான்: சுமை ஏறப்போகிறது. மூச்சைப் பிடித்தேன், தோள் கல்லானது, ஊசியைக் கவ்விக்கொண்டது. அதை எடுத்துவிட அவள் லேசாக இழுத்தாள். வரவில்லை. மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. பாவி, மகள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே என்று நினைக்க நினைக்க இன்னும் இறுகியது.

அவள் மறுபடி இழுக்கவில்லை. ஊசிக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தாள். குனிந்து காதோரம் சொன்னாள்:

"அப்பா, லாரி போயாச்சு."

கடைசி வண்டி கிளம்பியதும் கிடங்கில் நாங்கள் போடும் சத்தம் அது. சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் காத்திருந்து கேட்டிருக்கிறாள். என்னையறியாமல் மூச்சு வெளியேறியது. எண்ணெயில் கிடந்ததுபோல் ஊசி வழுக்கி வந்தது.

கண் விழித்தபோது கையில் ஊசிகள் இல்லை, மூலையில் நாற்காலி காலி.

"டீச்சர் எங்கம்மா?"

"உங்க குறட்டை தாங்காம போயிட்டாங்க. அடுத்த ஆள நீயே பாருன்னுட்டாங்க."

அந்த அடுத்த ஆள் வாசலில் நின்று என்னையே பார்த்தார். "வலிக்குமாங்க?"

"ஊசி போடுற கை என் பொண்ணு கைங்க. தைரியமா படுங்க."

மகள் சட்டையை எடுக்கப் போனாள். "இரு" என்றேன். கை தோளைத் தாண்டியது, காதருகே நின்று நடுங்கியது, இன்னும் கொஞ்சம் ஏறியது. கொக்கி எட்டவில்லை. தொங்கிய சட்டையின் ஓரம் விரல் நுனியில் பட்டு ஆடியது.