தபீதாள் வாயில் இருந்தது

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? சித்தூரில் எங்கள் வீட்டுக்கும் தபீதாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவளுடைய அடுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய காது. 1936ஆம் வருஷம் புரட்டாசியில் கேட்டதை எழுதுகிறேன். கேட்காததையும் எழுதுகிறேன். எது எது என்று கூடியவரை சொல்லிவிடுவேன். சொல்லாத இடத்தில் நீங்களே மோப்பம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

புரட்டாசி வெயில் சித்தூர் மாந்தோப்புகளின் மேல் பொன்னை உருக்கி

(வேண்டாம். அன்றைக்குத் தூறல்.)

தபீதாள் ஒரு விதவை. இந்த உலகத்தில் அவளுக்கென்று யாரும்

(இதுவும் வேண்டாம். படித்தால் கரண்டியோடு வருவாள். தவிர, யாரும் இல்லை என்பது பொய். ருக்மணி இருந்தாள். நான் வேறு இருந்தேனே.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தபீதாளுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

2

ஆனி மாதத்தில் விஷக்காய்ச்சல் வந்து படுத்தாள். உடம்பு தேறியது, ருசி மட்டும் போனது போனதுதான். சர்க்கரையும் சாம்பலும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. மற்றவர்களுக்கு வந்திருந்தால் சலித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். தபீதாள் அப்படி இருக்க முடியாது. கடலை பிடுங்கி முடிந்ததும் மிஷன் சபையில் அறுப்புப் பண்டிகை வரும். முந்நூறு பேருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. பதின்மூன்று வருஷமாக அந்தக் கரண்டி அவள் கையில்தான். அந்தச் சபையில் மற்றப் பெண்களுக்குப் புருஷன் உத்தியோகத்தைப் பொறுத்து மரியாதை. தபீதாளுக்குக் குழம்பைப் பொறுத்து. நாக்கு செத்த சங்கதி தெரிந்தால் கரண்டி அடுத்தபடியாகக் காத்திருக்கிற கிருபாபாய் கைக்குப் போய்விடும். பண்டிகைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

சுவரில் கேட்டது இது:

"பொய் சொல்லாத ருக்கு. நேத்து கொழம்புல உப்பு எப்பிடி?"

"இருந்திச்சி."

"எத்தினி வாட்டி போட்டிருப்பேன்?"

"ஒரு மூணு வாட்டி இருக்கும்."

"அடிப்பாவி! துன்னியே!"

"மூணு மாசமா துன்னுக்கினுதான் கீறேன். செத்தா போயிட்டேன்?"

ருக்மணி நகரிக்காரி. அண்ணன் தறியில் நெய்கிற சேலைகளைச் சித்தூரில் வீடு வீடாக விற்கிறவள். மூட்டையை இறக்கிவைத்து மத்தியானச் சோறு தின்பது தபீதாள் வீட்டில்தான். எட்டு வருஷப் பழக்கம்.

(இந்த ருக்மணியை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் வந்தது. தன் சாமியின் மகிமையைக் காட்டத்தான் சிநேகிதியைத் திருப்பதிக்கு இழுத்துப் போனாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அந்த உப்புக் குழம்பை நினைத்துப் பார்த்தேன். மூன்று மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

"பஸ் ஏறு, அக்கா. வழியெல்லாம் துன்னுக்கினே போலாம். எங்கனா ஒரு எடத்துல முழிச்சிக்கும்."

"எங்க?"

"திருப்பதி வரைக்கும்."

"புரட்டாசியிலயா? நல்லா கீதே! சபையில இன்னா சொல்லுவாங்க?"

"மலை ஏறப்போறது நானு. நீ கீழ குந்திக்கினு இரு. குந்துறதுக்குக் கூடவா ஐயரு உத்தரவு வேணும்?"

ஐயர் என்றால் அவர்கள் சபைக் குருவானவர், தனராஜ் ஐயர். நல்ல மனுஷர். ஆனால் சாமிக்குப் படைத்ததைச் சபையார் வாயில் வைக்கக்கூடாது என்பதில் கல் மாதிரி நிற்பார்.

3

பஸ் ஓட்டியவன் கங்கையா. எஞ்சினில் தண்ணீர் வற்றுகிற இடமும் அவன் வயிறு காய்கிற இடமும் எப்படியோ ஒன்றாகவே அமையும். எங்கெங்கே நின்றது என்பதை ருக்மணி எனக்குப் பலதடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஊர் கூடிவிடும். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பூதலப்பட்டில் கேழ்வரகுக் களி,* மேலே வேர்க்கடலைச் சட்னி. தபீதாள் உருட்டி விழுங்கினாள்.

"எப்பிடி கீது?"

"சூடா கீது."

பாகாலாவில் மிளகாய் பஜ்ஜி. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் ருக்மணி துள்ளினாள். "வந்திடுச்சா?"

"எரியுதுடி. எரியுறது மட்டும்தான். இதுக்கு அடுப்புக் கரிய முழுங்கலாம்."

சந்திரகிரியில் கொள்ளுச் சாறு. இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தபீதாள் கிண்ணத்தைத் தோழியிடம் தள்ளினாள். "நீ குடி. குடிச்சிட்டு எப்பிடி கீதுன்னு சொல்லு. காதால துன்னுக்கிறேன்."

ருக்மணி யோசித்தாள். "ஜப்திக்கு வர்ற முன்சீப் கோர்ட்டு அமீனா மாதிரி. மொதல்ல சாதுவா வருது. உள்ள பூந்தப்பறம்தான் யாருன்னு தெரியுது."

தபீதாள் சிரித்தாள். சிரித்தபடியே வெளியே பார்த்துக்கொண்டாள். சொன்னதைக் கேட்டு ருசியை நினைவில் தேடிப் பார்த்தாள்; பாத்திரம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

* தெலுங்கர்கள் இதைச் சங்கட்டி என்பார்கள். பெயரில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் கையில் ஒட்டும்.

4

திருப்பதியில் ருக்மணி விடியற்காலையில் மலை ஏறினாள். தபீதாள் சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதி, அழகாகவும் வந்திருந்தது. ருக்மணி கேட்டுவிட்டு, "அழல. நகத்தைக் கடிச்சிக்கினு இருந்திச்சி. அதும் சப்புன்னு இருந்திச்சாம்" என்றாள். அழுகையை அடித்துவிட்டேன். ஆனால் மாலையில் தோழி இறங்கி வந்ததும் தபீதாள் சொன்னது உண்மை:

"ஊருக்குப் போனதும் ஐயருகிட்ட நானே சொல்லிடுறேன். கரண்டிய கிருபா எடுத்துக்கட்டும். முந்நூறு பேரு வாயில மண்ண போடுறதுக்கு எனக்கு மனசு வரல."

ருக்மணி மூட்டையைக் கட்டினாள். மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

இனிக் கவனியுங்கள். சந்திரகிரி தாண்டியாயிற்று. தபீதாள் மடியில் உப்புத் தூள் தூவிய கொய்யாத் துண்டுகள். ருக்மணி மடியில் இலைப்பொட்டலம். உள்ளே மலையிலிருந்து கொண்டுவந்த பிரசாதம், மிளகு வடைகள். (லட்டு எங்கே என்று கேட்பவர்களுக்கு: அன்று ருக்மணிக்குக் கிடைத்தது வடைதான். எனக்கும் லட்டு என்றால் எழுத வசதி. என்ன செய்ய?) முன் சீட்டில் சபை மூப்பர் சுந்தர்சிங், கோர்ட்டு வேலையாகச் சந்திரகிரி வந்து திரும்புகிறவர், வாயைத் திறந்து தூங்குகிறார். பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. மடியில் இருந்தவை எல்லாம் எழும்பின. தபீதாள் வாயை மூடினாள். மென்றாள்.

"உப்பு!"

அந்தச் சத்தத்துக்குக் கங்கையா பிரேக்கை மிதித்தான். "ஏமம்மா! யாரு உழுந்தாங்க?"

"யாரும் உழல! உப்பு! உப்புடா கங்கையா!"

எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த சீட்டுக்காரியிடம் கையை நீட்டினாள். "இன்னா வெச்சிருக்கே? புளிசோறா? ஒரு வாய் குடு." வாங்கிப் போட்டுக்கொண்டாள். "எள்ளு வறுத்துப் போட்டிருக்கே. நல்லெண்ணெய் பழசு." அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர் மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் தானே திறந்து நீட்டினார். "வெந்தயம் கருகிடுச்சி, நைனா! உங்க வூட்டம்மா அடுப்ப வுட்டுட்டு எங்க போயிருந்தாங்க?" பஸ்ஸே சிரித்தது. ஒவ்வொரு மூட்டையாக அவிழ்ந்தது. முறுக்கு, வெல்லம், தயிர்ச்சோறு, யாருடைய குழந்தைக்கோ வைத்திருந்த வாழைப்பழம். எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள், குறை சொன்னாள், அழுதாள், (இது நிஜமான அழுகை, பத்துப் பேர் சாட்சி) மறுபடி தின்றாள். கங்கையா அரை மணி நேரம் பஸ்ஸை எடுக்கவில்லை. அவனும் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தான்.

மூப்பர் சுந்தர்சிங் விழித்துக்கொண்டது "உப்பு" என்ற சத்தத்தில்தான். அதற்கு முன்னால் அவள் வாய்க்குள் என்ன போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. ஆனால் இலைப்பொட்டலம் திறந்து கிடந்ததைப் பார்த்தார்.

5

பஸ் சித்தூருக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். வந்தபின் ஐந்து நிமிஷத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இரண்டு கட்சி. மலைச்சாமியைக் கும்பிடுகிற எங்கள் கட்சி வடை. சபையின் கட்சி கொய்யா. எனக்குத் தனியாக ஓர் ஆதாரம் கிடைத்தது: ருக்மணி தெருவுக்கெல்லாம் வடை கொடுத்தாள், எனக்கு வந்தது பாதி. கத்தியால் வெட்டிய பாதி அல்ல, பிட்ட பாதி.

"மீதிப் பாதி எங்கடி?"

"மலையிலேருந்து வர்ற வழியில ஒடஞ்சிது."

"ஒடஞ்சது எங்க போச்சி?"

"நீ இன்னா போலீஸா?"

சபையில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். நான் அங்கே இல்லை. (ஜன்னலுக்கு வெளியே இருந்தேன்.) தனராஜ் ஐயர் மெதுவாகத்தான் கேட்டார். "உனக்கு ருசி திரும்பினதுக்கு ஸ்தோத்திரம்மா. நான் கேட்கிறது ஒண்ணுதான். அப்போ வாயில என்ன இருந்தது?"

"நாக்கு இருந்திச்சி, ஐயரே. மூணு மாசம் கழிச்சி."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. ஒழுங்கான பதில் வரும்வரை கரண்டி கிருபாபாய்க்கு என்று தீர்மானம் ஆயிற்று. கொய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து தபீதாள் ருக்மணியிடம் சொன்னது சுவரில் தெளிவாகக் கேட்டது: "என் நாக்கு முழிச்ச அன்னிக்கே அத பயந்து பேச வெக்கச் சொல்றாங்க. அதுக்கு அது செத்தே கெடந்திருக்கலாம்."

6

பண்டிகை நாள். முதல் வரைவில் கிருபாபாயை வில்லி ஆக்கியிருந்தேன். கண்ணை உருட்டுவாள், கரண்டியைச் சுழற்றுவாள். நடந்தது வேறு. பொழுது விடிந்ததும் கிருபாபாய் குழம்புக் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தபீதாளின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, மூணு அண்டா. ஒண்ணும் சரியில்ல. சரியில்லன்னு தெரிது, இன்னான்னு தெரியல."

"சபை உனக்குத்தானே குடுத்திச்சி?"

"சபையா துன்னப்போவுது? ஜனங்க துன்னப்போறாங்க. வாக்கா, கால்ல உழுறேன்."

தபீதாள் ஒரு விரல் தொட்டு நக்கினாள். கண்ணை மூடினாள். "தேங்கா நேத்தே அரச்சி வெச்சியா?"

"வேல கொறையுமேன்னு…"

"புளிச்சிடுச்சி. அந்த அண்டாவ தூக்கி ஓரம் வெய்யி. மத்த ரெண்டுத்துலயும் தேங்கா போட்டியா?"

"இன்னும் இல்ல."

"கர்த்தர் உன்ன காப்பாத்தினாரு. நட."

பந்தலுக்குள் நுழைந்தபோது யாரும் தடுக்கவில்லை. அவள் நடை அப்படி. முன்வைத்த கால் ஒவ்வொன்றும் ஒரு உத்தரவு. இரண்டு அண்டாவையும் தொட்டுப் பார்த்தாள். தேங்காய் வேண்டாம், வறுத்த வேர்க்கடலை அரைத்து ஊற்றினால் நிற்கும் என்றாள். கடலை எங்கே? மிஷன் கோயிலுக்குள்ளே, பீடத்துக்கு முன்னால், சபையார் முந்தின சாயங்காலம் காணிக்கையாக வைத்த மூட்டைகளில்.

"ஒரு மூட்டைய அவுருங்க."

மூப்பர் சுந்தர்சிங் குறுக்கே வந்தார். "தபீதாள்! அது ஆண்டவருக்குப் படைச்சது!"

 தபீதாள் கரண்டியை அண்டாவில் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பிடியா, மூப்பரே? படைச்சத துன்னலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க, அடுப்பு எரியுது."

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கூரையைப் பார்த்தார். அங்கே பதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. பிறகு ஐயரே கோயிலுக்குள் போய்க் குனிந்து மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார்.

நூறு வரி எழுதலாம் அந்தக் குழம்பைப் பற்றி. எழுதினேன்.

வறுத்த கடலையின் வாசனை பந்தலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கலெக்டர் கச்சேரிக்குள்

(நிறுத்திவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இரண்டு அண்டா போதாது என்று பயந்தார்கள். பந்திக்கு முந்நூறு பேர் என்றது நானூறு ஆயிற்று. அதில் ருக்மணி ஒருத்தி, அழைப்பில்லாமல் நான் ஒருத்தி.) கிருபாபாய் பரிமாறினாள். ஐயர் மூன்றாம் முறை வாங்கினார். பழைய கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். தபீதாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

7

முடிவு என்று என்னிடம் மூன்று இருக்கின்றன.

கொய்யாதான். அப்படியானால் தபீதாள் ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கக்கூடியவள். கேட்ட தோரணை பிடிக்காததால் வாயை மூடிக்கொண்டாள்.

வடைதான். அப்படியானால் அவள் பொய்யும் சொல்லவில்லை, தோழியைக் காட்டியும் கொடுக்கவில்லை. பள்ளத்தில் பஸ் விழுந்தபோது எந்தக் கை எந்த மடியில் இருந்தது என்பது கங்கையாவுக்குக்கூடத் தெரியாது.

இரண்டும் இல்லை, மூன்று மாதம் ஆனால் காய்ச்சல் நாக்கு தானாகவே விழிக்கும் என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். இந்த முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. அவருக்கே பிடித்ததாகத் தெரியவில்லை.

பல தடவை இரண்டு பேரையும் தனித்தனியாக மடக்கிக் கேட்டுவிட்டேன். ஒருத்தி மற்றவளைக் கேள் என்கிறாள். ஆகவே இந்த வரியை உங்களிடம் விடுகிறேன்:

பஸ் பள்ளத்தில் விழுந்தபோது தபீதாள் வாயில் இருந்தது .................

உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதிரியார் ஆனாலும் பட்டாச்சாரியார் ஆனாலும் உங்கள் இஷ்டம். எதைப் போட்டாலும் பண்டிகையன்று மத்தியானம் அந்த இரண்டு அண்டாவும் சுரண்டிக் காலி. நான் எட்டிப் பார்த்தேன்.