'மட்டும்' உட்கார்ந்த இடம்

1

ஆங்கில வாக்கியத்தில் 'ஒன்லி' என்ற சொல்லை எங்கே வைப்பது என்று விளக்கும் ஒரு பாடத்தைப் படித்தேன். இடம் மாறினால் சிரிப்புக்கிடமாகும் என்று அதில் போட்டிருந்தது. சிரிப்பாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை. பழைய கோர்ட்டுக் காகிதக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்தேன் என்று புளுகலாம், நீங்களும் நம்புவீர்கள். வேண்டாம். முழுக்க இட்டுக்கட்டியது.

2

தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் சிவசண்முகம் பிள்ளை

(அடித்துவிட்டேன். நெல்லைக் கதை என்றால் ஆறு சலசலத்தே ஆகவேண்டுமா?)

1911. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோர்ட்டு, எதென்று கேட்காதீர்கள். சாட்சிகள் சொல்லும் தமிழை வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரைக்கு ஆங்கிலமாக்கிச் சொல்லும் குமாஸ்தா சிவசண்முகம் பிள்ளை. ஊரில் யார் ஆங்கிலம் பேசினாலும் அதில் குற்றம் கண்டுபிடிப்பார். ஜெபசீலன் என்ற பாளையங்கோட்டை வாத்தியார் ஒரு தடவை 'ஒன்லி'யைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார். அதைக் கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை சொல்லிச் சிரித்தவர் பிள்ளை.

(இந்த ஆளை நான் கொஞ்சம் அதிகமாகவே வெறுக்கிறேனோ? கதாசிரியன் நடுநிலையாக இருக்கவேண்டுமாம். இருப்பவர்கள் இருக்கட்டும்.)

3

வழக்கு இதுதான். சீவலப்பேரியில் சிலர் வாய்க்கால் மடையை உடைத்ததில் உலகம்மாளின் நடவு முழுகிப்போனது. பிடிபட்டவர்களில் முப்பிடாதி என்ற கூலிக்காரனும் ஒருவன். குற்றம் நிரூபணமானால் ஒரு வருஷம் உள்ளே. வக்கீல் வைக்க அவனுக்கு வக்கில்லை. பயிரைப் பறிகொடுத்த உலகம்மாளே கூண்டில் ஏறிச் சொன்னாள்:

"மடையை உடைச்சவங்களப் பாத்தேன். முப்பிடாதிய மட்டும் பாக்கலை."

முப்பிடாதிக்கு உயிர் வந்தது. பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு அதை ஆங்கிலமாக்கினார். எல்லாச் சொல்லையும் சொன்னார். 'மட்டும்' என்பதற்கு ஈடான 'ஒன்லி'யை மட்டும் வேறோர் இடத்தில் உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்ததும் அது கட்சி மாறிவிட்டது. 'நான் பார்த்தது முப்பிடாதியை மட்டுமல்ல' என்று துரை காதில் விழுந்தது. அதாவது அவனும் இருந்தான், கூட ஆட்களும் இருந்தார்கள். துரை தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு முப்பிடாதியை ஒரு முறை முறைத்தார்.

அந்த முறைப்பில் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாத்தியார் செய்த அதே தப்பு. உலகம்மாளுக்கும் என்னவோ உறுத்தியது.

"நான் சொன்னத அப்படியேதான் சொன்னியளா ஐயா?"

"ஒரு சொல்லு குறையல. பைய இறங்கு."

பொய்யில்லை. ஒரு சொல்லும் குறையவில்லை. முப்பிடாதி பிள்ளையைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டான்.

4

முடிவு ஒன்று: பிள்ளை எழுந்து நின்று, "துரையவர்களே, தவறு என்னுடையது" என்று

(கை ஓடவில்லை. பந்தியில் சிரித்த வாய் அவ்வளவு லேசில் இதைச் சொல்லுமா?)

முடிவு இரண்டு: மேல்கோர்ட்டில் நல்லவர் ஒருவர்

(அங்கே போக வக்கீல் வேண்டாமா? மறுபடியும் அதே வக்கில்லாத கதை.)

ஆகவே உங்களிடமே தள்ளிவிடுகிறேன். இதோ வாக்கியம்: 'அன்று பிள்ளை வாயைத் திறக்கவில்லை.' 'மட்டும்' என்ற சொல்லையும் கையில் தருகிறேன். அன்று மட்டும், பிள்ளை மட்டும், வாயை மட்டும். உங்கள் மனச்சாட்சிக்கு எது சௌகரியமோ அங்கே வையுங்கள்.

எங்கே வைத்தாலும் முப்பிடாதி உள்ளேதான் இருப்பான்.