வலப்பக்கப் பதக்கம்

1

இந்தக் கதை ஒரு ஊக்கில் தொடங்கியது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் என்னோடு இரவு வேலை பார்த்த அபிதா, நான் வேலையை விட்ட வாரம், "ஊக்கு இருக்கா? அப்பா மெடலோட பின் உடைஞ்சிருச்சு" என்றாள். கொடுத்தேன். மற்றதெல்லாம் அவள் சொன்னதும் நான் சேர்த்ததும்.

2

முதல் தொடக்கம்: "ஏப்ரல் இருபத்தைந்து, அன்சாக் தினம். 1915-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் விடியற்காலையில் துருக்கியின் கல்லிப்போலிக் கரையில்..."

வேண்டாம். பள்ளிக் கட்டுரை. இவ்வளவு போதும்: அது தோற்றுத் திரும்பிய சண்டை. அடுத்த வருஷமே நினைவுநாள் வந்துவிட்டது. இன்றும் விடியுமுன் கூடுகிறார்கள், நெஞ்சில் சிவப்புப் பாப்பிப் பூவோடு. இறந்தவரின் பதக்கத்தைப் பிள்ளைகள் அணியலாம்.

(இந்தக் கடைசி வரிக்காகத்தான் அபிதா போகிறாள். இந்திய ராணுவத்தில் இருந்த அப்பா சண்டையில் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. வேலூரில் அந்தப் பதக்கம் பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை. அந்தச் சண்டையைப் பற்றி அங்கே யாரும் பெருமையாகப் பேசவில்லை.)

3

கிளெமென்ட்டின் காரில் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான்கு வருஷமாக அவளை வேலைக்கு ஏற்றிப்போய் இறக்குபவர். ஆக்லாந்தில் அவளுக்கென்று இருக்கும் ஒரே அண்ணன். அன்று கூட்டத்தில் பியூகிள் என்னும் ராணுவக் கொம்பை ஊதப்போவது அவர் மகள் ரேச்சல்.

பாபடோயிட்டோயில் நினைவுக்கூட்டம் நடக்கும் இடத்தருகே காரை நிறுத்தியபோது இன்னும் இருட்டு. அபிதா பதக்கத்தை இடது பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"வலப்பக்கம் குத்துங்கோ, தங்கச்சி. இடப்பக்கம் எண்டால் நீங்களே சண்டை பிடிச்ச ஆள்." சிரித்தார். "பாகிஸ்தான் சண்டையோ?"

(ஒரு வரைவில் "ஆமா" என்று அவளைப் பொய் சொல்ல வைத்தேன். வாயில் ஒட்டவில்லை.)

"இல்லண்ணா. அமைதிப்படை. யாழ்ப்பாணம். எண்பத்தேழு."

"எந்த மாசம்?"

"அக்டோபர்."

என்ஜினை அணைத்தார். "எங்கட அப்பாவும் அதே மாசந்தான். சந்தைக்குப் போனவர். ஆர் சுட்டதெண்டு தெரியாது."

ஒலிபெருக்கியில் பேச்சுகள் முடியும்வரை இருவரும் காருக்குள்ளேயே இருந்தார்கள்.

4

முடிவு ஒன்று: ஊக்கை வாங்கி அவரே குத்திவிடுகிறார். அடித்துவிட்டேன். என் வசதிக்கு அவரைப் பெரிய மனுஷனாக்குகிறேன்.

முடிவு இரண்டு: அவள் பதக்கத்தைக் கைப்பைக்குள் போடுகிறாள். அப்பாவுக்கு இன்னொரு பீரோ.

முடிவு மூன்று: கல்லிப்போலியில் எதிரே நின்ற துருக்கியின் பிரதிநிதிகளும் இந்த நாளில் மலர்வளையம் வைக்கிறார்கள். அதைப் போல இவர்களும்... இல்லை. அதற்கு நூறு வருஷம் ஆகியிருக்கிறது. இவர்களுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.

5

கிளெமென்ட் இறங்கினார். கதவைச் சாத்தவில்லை.

"பிள்ளை ஊதப்போறா. வாறீங்களோ?" அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். பதக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி என்றும் சொல்லவில்லை. அபிதா அதைக் கவனித்தாள்.

ரேச்சலின் பியூகிள் தொடங்கியது.

பிறகு என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. ஊக்கு திரும்பி வரவில்லை. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பதக்கம் ஒரு கையில், திறந்த ஊக்கு மறுகையில், கார்க் கதவு திறந்தபடி. என்னால் முடிந்தது இதுவரைதான். இனி உங்கள் கை. பியூகிள் ஓய்ந்தால் மௌனம், அப்போது யாரும் அசையக் கூடாது. அதற்குள் குத்துவதா, மூடுவதா.