விரிந்தே கிடந்த இறக்கை

கோதுமை அறுத்த வயலில் அண்ணனின் கிளைடர் விரிந்தே கிடந்தது. முந்நூறு மீட்டர் உயரத்தில், என் கிளைடரின் இறக்கைக்கடியில் தொங்கியபடி அதைப் பார்த்தேன். பக்கத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். அசைவில்லை. ரேடியோவில் நான்கு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.

எங்கள் போட்டியில் ஒரு விதி உண்டு. தரையிறங்கியவர் பத்து நிமிடத்துக்குள் இறக்கையை மடித்துவிட வேண்டும். மடிக்காமல் கிடந்தால் அடிபட்டிருக்கிறார் என்று அர்த்தம். மேலே வருகிறவர், யாராக இருந்தாலும், இறங்கிப் பார்க்க வேண்டும்; மோட்டார் கிடையாது, இறங்கினால் மறுபடி ஏற முடியாது. இந்தச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய வரை வயல்தான், ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அவன் இறங்கியதைத் தூரத்திலிருந்து நான் பார்த்து அரை மணி ஆகியிருந்தது.

இன்றுதான் கடைசி நாள். தேசிய அணியில் மிச்சம் ஒரே ஓர் இடம். காலைவரை புள்ளியில் அண்ணன் முதலில் இருந்தான்; நூலிழை பின்னால் நானும், தபால்காரர் ஒருவரும். காலையிலிருந்து அவன் என் வாலைப் பிடித்துக்கொண்டே பறந்தான். உழுத நிலத்தின் மேல் சூடான காற்று ஏறும் இடத்தை நான் தேடிக் கண்டுபிடிப்பேன், அவன் வந்து என் தலைக்கு மேல் வட்டமடிப்பான். மதியம் பொறுமை இழந்து தனியாக முன்னே போனான், காற்று கிடைக்காமல் இறங்கிவிட்டான். பந்தய எல்லைக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்த தானியக் கிடங்கின் வெள்ளைக் கூரை எனக்குத் தெரிந்தது. பறந்த தூரத்துக்குத்தான் புள்ளி, தபால்காரர் எனக்குப் பின்னால்தான். அண்ணன் கிடந்த வயலைத் தாண்டி அதை எட்டினால் போதும், இடம் என்னுடையது.

இறங்கினேன்.

அவசரத்தில் கிளைடரின் மூக்கு மண்ணில் குத்தியது. முழங்கால் கிழிந்தது, என் ரேடியோவின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

"அண்ணா! அண்ணா!"

கண்ணைத் திறந்தான். "நீயும் எறங்கிட்டியா?"

"எங்க அடி?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வெயில்ல லேசா கண்ணசந்துட்டேன்."

"இறக்கைய ஏன் மடிக்கல?"

"மறந்துட்டேன்மா."

"மறக்கிறதுக்கு அது என்ன குடையா? ரேடியோ எங்க?"

"பேட்டரி போயிருச்சு."

அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. "வாரம் ஆறு நாள் லிஃப்ட் ரிப்பேர்னு இருட்டுக் கெணத்துக்குள்ள கெடக்கிறேன். இந்தப் பன்னெண்டு நாள் லீவுக்கு மேனேஜர் முன்னாடி பல்லைக் காட்டினேன். எதுக்கு? உன்னைத் தட்டி எழுப்பவா?"

"சும்மா கத்தாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் உன் முன்னாடி நான்தான் காத்து தேடணுமா?"

சின்ன வயதில் எங்கள் அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதன் அருகில் அவன் கட்டில். மழை பெய்தால் மட்டும் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்வான். அதையும் சொல்லிக் கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. ஒரு நிழல் எங்கள் மேல் போனது.

நிமிர்ந்தேன். ஆரஞ்சு நிற இறக்கை. தபால்காரர், தாழ்வாக வட்டமடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். என் கிளைடரும் மடிக்காமல் கிடந்தது.

அண்ணனின் சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது. "கீழ ரெண்டு பேர்... ஏதாச்சும் ஆச்சா? பதில் சொல்லுங்க."

பேட்டரி போன ரேடியோ பேசியது. அண்ணன் அதன் மேல் கையை வைத்து அழுத்தினான்.

"பேசாத," என்றான் மெதுவாக. "அப்படியே உக்காரு. அவரும் எறங்கட்டும். மூணு பேரும் ஒரே வயல்னா காலைல இருந்த புள்ளிதான் நிக்கும். எடம் நம்ம வீட்டுக்கே வந்துரும்."

"நம்ம வீட்டுக்கா, உனக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"நான் நாலு தடவ கூப்பிட்டேன். கேட்டுச்சா?"

அவன் அறுத்த கோதுமைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சா அண்ணா?"

படுத்தவாக்கில் பறந்துகொண்டிருந்த தபால்காரர் இறங்குவதற்காகக் காலைத் தொங்கவிட்டுவிட்டார். நான் என் கிளைடரை நோக்கி ஓடினேன். அண்ணன் என் கையைப் பிடித்தான். "லூசு மாதிரி பண்ணாத!" உதறினேன். மூக்குக் கொக்கியை விடுவித்து, தரையிலேயே ஒரு இறக்கையை உள்ளே இழுத்தேன், சுற்றி ஓடி மறுபுறத்தையும். பிறகு இரண்டு கைகளையும் வீசி, போங்க, போங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தபால்காரரின் கால்கள் மேலே போயின. அறுவடை இயந்திரம் ஒன்று தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டிருந்தது. அங்கே சூடான காற்று ஏறும் என்று அவர் அதை நோக்கிச் சாய்ந்தார். வயலோர மரங்களின் உயரத்தில் ஒரு வட்டம். இன்னொன்று. அடுத்த வட்டத்தில் மரங்களுக்கு மேலே இருந்தார். பிறகு வெள்ளைக் கூரையின் பக்கம் திரும்பினார்.

"போச்சு," என்றான் அண்ணன். "உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. திருப்தியா?"

நான் அவனுடைய கிளைடரிடம் போனேன். பின்னால் இன்னும் எட்டுப் பேர் வர வேண்டியிருந்தது. அவன் மடிக்க மாட்டான். கொக்கியை விடுவித்து வேகமாக இழுத்தேன்.

"ஏய், பாத்து! துணி கிழிஞ்சிரும்!"

என் முழங்காலில் ரத்தம் ஷூ வரைக்கும் வழிந்திருந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. மடித்து முடித்ததும் அவன் பையில் கைவிட்டு ரேடியோவை எடுத்தேன். இந்த முறை தடுக்கவில்லை. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ரெண்டு பேரும் எங்கடி இருக்கீங்க?" அம்மா. எங்களை ஏற்றிக்கொள்ள வேனில் தார்ச்சாலை வழியே பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள். "அண்ணன் ஏன் பேசவே மாட்டேங்கிறான்? நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பேசும் பொத்தானை அழுத்தினேன்; அதை அழுத்தியிருக்கும் வரை இங்கே சொல்வதெல்லாம் அம்மாவுக்குக் கேட்கும்.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கான். நாம கூப்பிட்டதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தான். இந்தா, அவன்கிட்டயே கேளு."

ரேடியோவை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.